ஐந்து யானைகளும் ஓர் அகதிப் பெண்ணும்



இம்மாத உரையில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். மொழிபெயர்ப்பாளர் என்றதும் எங்களில் பலருக்கு நினைவுக்கு வருபவர், அகதி விசாரணை அறையில் அதிகாரிக்கும் எமக்கும் நடுவில் அமர்ந்திருந்த அந்த மனிதர்தான். அவர் நல்லவராக வாய்த்தாரா, எமது கதையை ஒழுங்காகச் சொன்னாரா என்று வருடக்கணக்காகப் பேசுவோம். ஆனால் புத்தகங்களை மொழிபெயர்த்தவர்களை நாம் அப்படி நினைவில் வைத்திருப்பதில்லை. டொஸ்தயேவ்ஸ்கி, டால்ஸ்டாய் என்ற பெயர்கள் எமக்குத் தெரியும். அட்டைக்கு உள்ளே சிறிய எழுத்தில் இருக்கும் மற்றப் பெயரை யார் பார்க்கிறார்கள்?

நான் சொல்லப் போகிறவரின் பெயர் ஸ்வெத்லானா கையர். டொஸ்தயேவ்ஸ்கியின் பெரிய நாவல்கள் ஐந்தையும் ரஷ்ய மொழியிலிருந்து ஜேர்மன் மொழிக்குப் புதிதாகக் கொண்டு வந்தவர். அந்த ஐந்து நாவல்களைத்தான் அவருடைய "ஐந்து யானைகள்" என்று சொல்வார்கள். 2009ஆம் ஆண்டு வாடிம் ஜென்ட்ரெய்கோ என்ற இயக்குநர் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தின் பெயரும் "ஐந்து யானைகளுடைய பெண்" என்பதே. எமது பிள்ளைகள் இங்குள்ள பாடசாலையிலோ நூலகத்திலோ டொஸ்தயேவ்ஸ்கியை ஜேர்மன் மொழியில் கையில் எடுத்தால், அது இந்த அம்மையாரின் மொழிபெயர்ப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அவர் ஜேர்மானியர் அல்லர். போரினால் ஊரை விட்டு வந்து, முகாமில் இருந்து, வேற்று மொழியில் வாழ்வைக் கட்டியவர். அதனால்தான் அவருடைய கதை எங்களுக்கும் உரியது என்று நினைக்கிறேன்.

கீவ் நகரத்துச் சிறுமி

ஸ்வெத்லானா 1923ஆம் ஆண்டு உக்ரேனின் கீவ் நகரில் பிறந்தார். பெற்றோர் ரஷ்யர்கள். தந்தை பயிரினங்களை மேம்படுத்தும் விவசாய விஞ்ஞானி. தாய் பழைய ஜார் காலத்து இராணுவ அதிகாரி ஒருவரின் குடும்பத்தைச் சேர்ந்தவர். சிறு வயதிலேயே மகளுக்கு வீட்டில் பிரெஞ்சும் ஜேர்மனும் படிப்பித்தார்கள். எங்கள் ஊர் வழக்கில் சொல்வதானால், பெற்றோர் அவருக்குக் கொடுத்த சீதனம் அந்த இரண்டு மொழிகள்தான். நகையாகவோ காணியாகவோ கொடுத்திருந்தால் பின்னால் வந்த காலத்தில் ஒன்றும் மிஞ்சியிராது.

1938இல் ஸ்டாலினின் கைதுகள் உச்சத்தில் இருந்தபோது தந்தையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பதினெட்டு மாதங்களின் பின்னர் அவர் விடுதலையானார். அப்படித் திரும்பி வந்தவர்கள் மிகச் சிலரே. ஆனால் சிறையில் பட்ட சித்திரவதையால் உடல் முழுவதும் உடைந்து போயிருந்தது. பதினாறு வயது மகள்தான் அவரைப் பராமரித்தாள். சில மாதங்களில் அவர் இறந்து போனார். அரசாங்கத்தின் எதிரி என்று முத்திரை குத்தப்பட்ட ஒருவரின் மகளுக்குச் சோவியத் நாட்டில் பெரிய எதிர்காலம் இருக்கப் போவதில்லை என்பது அந்த வீட்டுக்குத் தெரிந்திருந்தது.

1941ஆம் ஆண்டு அவர் பள்ளிப் படிப்பை மிகச் சிறந்த பெறுபேறுகளுடன் முடித்தார். அதே ஆண்டு ஜூன் மாதம் ஜேர்மன் இராணுவம் சோவியத் நாட்டின் மீது படையெடுத்தது. செப்டம்பர் 19ஆம் திகதி கீவ் வீழ்ந்தது. அந்த மாத இறுதியில், 29ஆம் 30ஆம் திகதிகளில், நகரின் ஓரத்தில் பாபி யார் என்ற பள்ளத்தாக்கில் 33,771 யூதர்களை இரண்டே நாட்களில் சுட்டுக் கொன்றார்கள். கொல்லப்பட்டவர்களில் ஸ்வெத்லானாவின் நெருங்கிய தோழியும் தோழியின் தாயாரும் இருந்தார்கள்.

இதற்குள் பதினெட்டு வயதுப் பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். தந்தையை அழித்தது தன் நாட்டு அரசு. தோழியை அழித்தது அந்த அரசை விரட்டிக்கொண்டு வந்த படை. அந்தப் படை பேசுகிற மொழி, தான் சிறுவயதில் இருந்து ஆசையோடு படித்த மொழி.

அந்தப் பெண் வேலை செய்த இடம்

இந்த இடத்தை மெழுகிப் பூசாமல் சொல்ல வேண்டும். ஸ்வெத்லானா ஜேர்மானியரிடம் உரைபெயர்ப்பாளராக வேலைக்குப் போனார். கீவில் பாலம் கட்டும் பணியில் இருந்த டோட்முண்ட் நகரத்து நிறுவனம் ஒன்று அவரை வேலைக்கு வைத்திருந்தது. ஒரு வருடம் வேலை செய்தால் ஜேர்மனியில் படிக்கப் புலமைப்பரிசில் கிடைக்கும் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. 1943இல் ஸ்டாலின்கிராட் தோல்விக்குப் பின் ஜேர்மன் படைகள் பின்வாங்கத் தொடங்கின. சோவியத் படை திரும்பி வந்தால், எதிரிக்கு மொழி சொன்னவள் என்ற பெயர் அவருக்குக் காத்திருந்தது. தாயும் மகளும் ஊரை விட்டுப் புறப்பட்டார்கள்.

துரோகி என்ற சொல் எவ்வளவு இலகுவாக வாயிலிருந்து விழும் என்பது எமது சமூகத்துக்குத் தெரியும். அந்தச் சொல் விழுந்த வீடுகளில் என்ன நடந்தது என்பதும் தெரியும். ஆக்கிரமிப்புக்குள் வாழ்ந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஓர் அலுவலகத்தில், ஏதோ ஒரு வரிசையில் நின்றுதான் உயிரைக் காப்பாற்றினார்கள். கையர் தான் செய்த வேலையைப் பிற்காலத்தில் மறைக்கவில்லை. படத்திலும் அதைத் திறந்தே பேசுகிறார். அவரைத் தூக்கிப் பிடிக்கவோ தீர்ப்புச் சொல்லவோ நான் வரவில்லை. பதினெட்டு வயதில் இரண்டு கொலைகார அரசுகளுக்கு நடுவில் நின்ற ஒருவருக்குத் தூய்மையான வழி ஒன்று இருந்தது என்று பேசுவது, தூரத்தில் இருந்துகொண்டு பேசுவோருக்கு மட்டுமே இலகு.

டோட்முண்டுக்கு வந்த தாயையும் மகளையும் வரவேற்றது முட்கம்பி முகாம். கிழக்கிலிருந்து கொண்டு வரப்பட்ட தொழிலாளர்களை அடைத்து வைத்த முகாம் அது. ஏறக்குறைய அரை வருடத்தின் பின், தெரிந்த சிலரின் உதவியுடன் அவர்கள் வெளியே வந்தார்கள். அதன் பின் ஒரு திறமைத் தேர்வு, ஹும்போல்ட் புலமைப்பரிசில், 1944இல் பிரைபுர்க் பல்கலைக்கழகம். இந்தப் பிரைபுர்க் சுவிஸில் உள்ள பிறிபூர் அல்ல. பாசலிலிருந்து வடக்கே புகையிரதத்தில் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடக் கூடிய, கறுப்புக் காட்டு மலையடிவாரத்தில் உள்ள ஜேர்மன் நகரம்.

அங்கேயே அவர் திருமணம் செய்து, இரண்டு பிள்ளைகளைப் பெற்று, இறக்கும்வரை வாழ்ந்தார். பிரைபுர்க், கார்ல்ஸ்ரூ பல்கலைக்கழகங்களில் ரஷ்ய மொழி கற்பித்தார். பாடசாலைகளிலும் பிள்ளைகளுக்கு ரஷ்ய மொழி சொல்லிக் கொடுத்தார். 1957 முதல் மொழிபெயர்க்கத் தொடங்கி டால்ஸ்டாய், சொல்செனிட்சின், சின்யாவ்ஸ்கி போன்றோரின் எழுத்துக்களை ஜேர்மன் வாசகருக்குக் கொடுத்தார். வீட்டு வேலை, பிள்ளைகள், வகுப்புகள், இவற்றுக்கு இடையில்தான் இத்தனையும் நடந்தது.

யானைகள் வந்த கதை

மற்றவர்கள் ஓய்வூதியம் எடுத்துக்கொண்டு தோட்டம் பார்க்கும் வயதில்தான் அவருடைய பெரிய வேலை ஆரம்பமானது. சூரிச் நகரில் இருந்த அம்மான் பதிப்பகம் டொஸ்தயேவ்ஸ்கியின் நாவல்களைப் புதிதாக மொழிபெயர்க்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தது. 1994இல் "குற்றமும் தண்டனையும்" வெளிவந்தபோது அவருக்கு வயது 71. "அசடன்" 1996இல் வந்தது. தீய ஆவிகள் பற்றிய நாவல் 1998இல், "கரமாசோவ் சகோதரர்கள்" 2003இல், ஐந்தாவது யானை 2006இல். அப்போது அவருக்கு 83 வயது. அடுத்த ஆண்டு லைப்சிக் புத்தகச் சந்தையின் மொழிபெயர்ப்புப் பரிசு அவருக்குக் கிடைத்தது.

டொஸ்தயேவ்ஸ்கி ஜேர்மன் மொழியில் அதற்கு முன்னரே இருந்தார். மியூனிச்சில் பீப்பர் பதிப்பகம் 1906 முதல் வெளியிட்ட மொழிபெயர்ப்புகளைத்தான் மூன்று நான்கு தலைமுறைகள் வாசித்தன. அப்படியானால் திரும்பவும் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்? மூல நூல் மாறுவதில்லை. வாசிப்பவரின் மொழி மாறிக்கொண்டே போகிறது. அத்தோடு பழைய மொழிபெயர்ப்பாளர்கள் பலர் டொஸ்தயேவ்ஸ்கியின் கரடுமுரடான வாக்கியங்களைச் சீவித் தட்டி அழகாக்கி விட்டார்கள். அவருடைய பாத்திரங்கள் தடுமாறுவார்கள், சொன்னதையே திரும்பச் சொல்வார்கள், ஒருவர் குடிகாரனாகவும் மற்றவர் குருவானவராகவும் பேசுவார். எல்லோரும் ஒரே நல்ல நடையில் பேசினால் அந்த நாவலின் உயிர் போய்விடும். கையர் அந்தத் தனித்தனிக் குரல்களை மீட்டுக் கொடுக்க முயன்றார்.

அவர் வேலை செய்த முறையைக் கேட்டால் எமது வானொலிக்காரருக்குப் பிடிக்கும். ரஷ்ய மூலத்தைப் பல தடவை வாசித்து, அனேகமாக மனப்பாடம் ஆகும் அளவுக்கு உள்ளே எடுத்துக்கொள்வார். பின்பு மொழிபெயர்ப்பை வாயால் சொல்லுவார். முதிய பெண்மணி ஒருவர் எதிரில் இருந்து தட்டச்சுப் பொறியில் அடிப்பார். இடையிடையே இருவருக்கும் வாக்குவாதமும் நடக்கும். அடித்து முடித்ததை இன்னொரு நாள் இசைக்கலைஞர் ஒருவர் வந்து சத்தமாக வாசிப்பார். இவர் காதால் கேட்டுத் திருத்துவார். கண்ணுக்குச் சரியாகத் தெரிகின்ற வாக்கியம் காதில் விழும்போது நொண்டுவதை, இங்கே ஒலிவாங்கிக்கு முன்னால் செய்தி வாசித்த எவரும் அறிவர்.

டொஸ்தயேவ்ஸ்கியும் வாயால் சொல்லி எழுதுவித்தவர்தான். 1866இல் பதிப்பாளருக்குக் கொடுத்த கெடு நெருங்கியபோது, அன்னா என்ற இளம் சுருக்கெழுத்தாளரை அமர்த்தி, "சூதாடி" என்ற நாவலை 26 நாட்களில் சொல்லி முடித்தார். அந்த அன்னாவே மறு ஆண்டு அவருடைய மனைவியானார். அதன் பின் வந்த பெரிய நாவல்களையும் அவர் சொல்ல, அன்னா எழுதினார். குரலில் பிறந்த நூல்களை ஒரு மூதாட்டி திரும்பவும் குரல் வழியாக வேறு மொழிக்குக் கொண்டு போனார். அந்தச் "சூதாடி"யையும் அவர் விட்டு வைக்கவில்லை. அது 2009இல் வெளிவந்தது.

மயிர்க்கொட்டி போல ஊராமல்

மொழிபெயர்ப்பு என்பது மயிர்க்கொட்டி இடமிருந்து வலமாக ஊர்ந்து போவது போன்றதல்ல, அது எப்போதும் முழுமையிலிருந்து பிறக்க வேண்டும் என்று கையர் சொல்வார். மொழிபெயர்க்கும்போது மூக்கைத் தாளில் வைத்திராமல் தலையை நிமிர்த்து என்று தன் ஆசிரியை சொன்னதையும் நினைவுகூர்வார். முழு வாக்கியத்தையும் உள்வாங்கி, தாளை விட்டு நிமிர்ந்து, பின்பே மறு மொழியில் சொல்ல வேண்டும் என்பது அதன் பொருள்.

இது இலக்கியத்துக்கு மட்டும் பொருந்துகிற பாடம் அல்ல. நானும் பல வருடங்களாக அலுவலகங்களிலும் வைத்தியசாலைகளிலும் எம்மவர்களுக்காக உரைபெயர்த்து வருகிறேன். "ஆமி வந்து அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போனது" என்று ஒரு தாய் சொல்கிறார் என்று வையுங்கள். கூட்டிக்கொண்டு போவது என்றால் அகராதிப்படி உடன் அழைத்துச் செல்வது. அப்படியே டொச்சில் சொன்னால், ஏதோ கலியாண வீட்டுக்கு அழைத்துப் போனது போல இருக்கும். "அவர் விருப்பத்தோடு போனாரா?" என்று அதிகாரி கேட்பார். அந்தத் தாய் சொன்னது கைது, அதன் பிறகு வராத ஒரு பிள்ளை. அது சொல்லில் இல்லை. வாக்கியம் முழுவதிலும், அவர் சொன்ன விதத்திலும் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் மாற்றுவதே நேர்மை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நேர்மை சில வேளைகளில் பொய்யாக முடிந்து விடும்.

அதே நேரம், இல்லாததைச் சேர்க்கவும் மொழிபெயர்ப்பாளருக்கு உரிமை இல்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒடுங்கிய ஒற்றையடிப் பாதையில்தான் கையர் ஐம்பது வருடங்களுக்கு மேல் நடந்தார்.

படத்தில் அவர் துணிக்கு அழுத்திப் பெட்டி போடுகிற காட்சி ஒன்று வருகிறது. தோய்த்த துணியில் இழைகள் திசை மாறிக் கிடக்கும், அவற்றைத் திரும்ப நேராக்க வேண்டும் என்றும், எழுத்தும் அதுபோல நெய்யப்பட்டதே என்றும் விளக்குகிறார். ஐரோப்பிய மொழிகளில் எழுத்துப் பிரதிக்கும் நெசவுக்கும் உள்ள சொற்கள் ஒரே இலத்தீன் வேரிலிருந்து வந்தவை. தமிழருக்கு இதற்கு விளக்கமே தேவையில்லை. எமக்கு நூல் என்றால் இழையும் நூல்தான், புத்தகமும் நூல்தான். பஞ்சிலிருந்து நூல் நூற்பதைப் போலச் சொற்களிலிருந்து நூல் செய்யப்படுகிறது என்று நன்னூல் பாயிரம் எப்போதோ சொல்லி வைத்திருக்கிறது.

தலைப்பை மாற்றிய துணிவு

கையர் தலைப்புகளையே மாற்றினார் என்பதுதான் பலரைத் திடுக்கிட வைத்தது. "குற்றமும் தண்டனையும்" ஜேர்மன் மொழியில் நெடுங்காலம் "ஷுல்ட் உண்ட் சூனே" என்றே அறியப்பட்டிருந்தது. ஷுல்ட் என்றால் மனத்தில் உள்ள குற்றச்சுமை. அதே சொல்லுக்குக் கடன் என்ற பொருளும் உண்டு. சூனே என்றால் பிராயச்சித்தம். இவை சமயம் சார்ந்த கனமான சொற்கள். ஆனால் ரஷ்யத் தலைப்பில் இருப்பவை சட்டப் புத்தகத்துச் சொற்கள். குற்றத்துக்கான அந்த ரஷ்யச் சொல்லின் உறுப்புகளைப் பிரித்தால், ஒன்றைக் கடந்து காலடி வைப்பது என்று வரும். எமது மொழியில் வரம்பு மீறல் என்பது அதற்கு மிக அருகில் நிற்கிறது. கையர் "ஃபெர்பிரெக்கன் உண்ட் ஷ்ட்ராஃபே", அதாவது குற்றமும் தண்டனையும், என்று வைத்தார். அவருக்கு முன்னரும் அப்படி வைத்தவர்கள் உண்டு. ஆனால் அவருக்குப் பிறகுதான் அது நிலைத்தது.

இதில் என்ன பெரிய வேறுபாடு என்று கேட்கலாம். முந்திய தலைப்பு, கொலை செய்த மாணவன் மனம் வருந்தி மீட்சி பெறுவான் என்று முதல் பக்கத்திலேயே சொல்லி விடுகிறது. மற்றது எதையும் சொல்லித் தருவதில்லை. வருந்துகிறானா இல்லையா என்பதை வாசகரே கடைசிவரை போய்ப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது நாவலின் பழைய தலைப்பு "வாலிபன்" என்ற மாதிரியான உயர்ந்த சொல். கையர் அதைப் "பச்சைப் பொடியன்" என்று சொல்லத்தக்க விதத்தில் மாற்றினார். ஜேர்மன் மொழியில் பச்சை என்றால் இன்னும் பழுக்காதது. எங்கள் ஊரிலும் காய் பழுக்காத பருவத்தைப் பிள்ளைக்குச் சொல்வதுண்டுதானே.

தமிழ் வாசகருக்கு ரஷ்ய இலக்கியம் வந்த வழியும் இதே போலச் சில மனிதர்களின் உழைப்புத்தான். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகத்துப் புத்தகங்கள் ஊரில் பல வீடுகளில் இருந்தன. டால்ஸ்டாயின் "புத்துயிர்ப்பு" நாவலைத் தமிழில் தந்த ரா. கிருஷ்ணையாவின் பெயர் அவற்றை வாசித்தவர்களுக்கு நினைவிருக்கும். பின்னாளில் மதுரையைச் சேர்ந்த பேராசிரியை எம்.ஏ. சுசீலா, ஆங்கில வழியாக "குற்றமும் தண்டனையும்", "அசடன்" ஆகிய நாவல்களைத் தமிழுக்குக் கொண்டு வந்தார்.

மொழி யாருக்குச் சொந்தம்

ஏறக்குறைய அறுபத்தைந்து வருடங்களின் பின், பேத்தியுடன் புகையிரதம் ஏறி, கையர் முதற் தடவையாகக் கீவுக்குப் போனார். ஆவணப்படத்தின் ஒரு பகுதி அந்தப் பயணம். அந்தக் காலத்திலேயே மகன் விபத்தில் சிக்கிப் படுக்கையில் இருந்தார். தாய் மொழிபெயர்ப்பை ஒதுக்கி வைத்துவிட்டு மகனுக்குச் சமைத்துக் கொண்டு போனார். 2010 நவம்பரில் தனது 87ஆவது வயதில் பிரைபுர்க்கில் காலமானார்.

2022 பெப்ரவரியில் ரஷ்யப் படைகள் உக்ரேனுக்குள் புகுந்தபோது கீவிலிருந்து தாய்மாரும் பிள்ளைகளும் மீண்டும் ஜேர்மனிக்கும் சுவிஸுக்கும் வந்து இறங்கினார்கள். ரஷ்ய மொழியைக் கேட்கவே மனம் கூசுகிறது என்று சொல்பவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். அது எமக்கு விளங்காத உணர்ச்சி அல்ல. எங்களில் பலருக்குச் சிங்களம் என்றால் சோதனைச்சாவடியில் கேட்ட அதட்டல்தான். அந்த மொழியில் மார்ட்டின் விக்கிரமசிங்க "கம்பெரலிய" எழுதினார், அது தமிழிலும் வந்திருக்கிறது என்று சொன்னால், எங்களுக்கு ஏன் அது என்பார்கள். அப்படிக் கேட்பவரின் காயத்தை நான் குறைத்து மதிக்கவில்லை.

ஆனால் கையரின் வாழ்வு வேறு ஒரு பதிலைச் சொல்கிறது. ரஷ்ய மொழி ஸ்டாலினின் காவலருக்கும் உரியதாக இருந்தது, டொஸ்தயேவ்ஸ்கிக்கும் உரியதாக இருந்தது. ஜேர்மன் மொழி பாபி யாரில் கட்டளை இட்டவருக்கும் தெரிந்திருந்தது, முகாமிலிருந்து அவரை வெளியே எடுக்க உதவியவர்களுக்கும் தெரிந்திருந்தது. கொன்றவர்களிடம் மொழியை விட்டுக்கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை. ஷுல்ட் என்ற சொல்லுக்குக் குற்றம் என்றும் கடன் என்றும் இரண்டு பொருள் என்று சொன்னேன் அல்லவா? தன்னை வாழவைத்தவர்களுக்குப் பட்ட கடனை, தன் தாய்மொழியின் மிகப் பெரிய செல்வத்தைக் கொடுத்து அவர் அடைத்தார் என்றே நான் விளங்கிக்கொள்கிறேன்.

எமது பிள்ளைகள் உயர்தர வகுப்பில் "ஃபெர்பிரெக்கன் உண்ட் ஷ்ட்ராஃபே" வாசிக்க நேர்ந்தால், பெற்றோர் தமிழில் "குற்றமும் தண்டனையும்" வாசிக்கலாம். பக்கம் பக்கமாக ஒத்துப் பார்க்கத் தேவையில்லை. அந்த மாணவன் ஏன் அப்படிச் செய்தான் என்று ஒரு நாள் இராச்சாப்பாட்டு மேசையில் இருவரும் கதைத்தால் போதும். பிள்ளைக்குத் தமிழ்ச் சொல் வராத இடத்தில் டொச்சில் சொல்லட்டும். பெற்றோருக்கு டொச் வராத இடத்தில் தமிழில் சொல்லட்டும். அந்த மேசையிலும் ஒரு மொழிபெயர்ப்பு நடக்கும்.